டெனெட் ஆய்வுக் குழு

டெனெட் என்பது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.டி.) மின்பொறியியல் துறையையும் கணிப்பொறி அறிவியல் துறையையும் சேர்ந்த ஆசிரியர்கள் 1990களில் ஒன்றிணைந்து உருவாக்கிய தொலைத்தொடர்பு, கணினி வலையமைப்பு ஆய்வுக் குழு ஆகும். தொலைபேசி இணைப்பு ஒன்றை நிறுவ ஆகும் செலவை நான்கில் ஒரு பங்காகக் குறைப்பது எப்படி என்பதை இக்குழு தன் முதன்மையான ஆய்வுச் சிக்கலாக எடுத்துக்கொண்டது. இதன் விளைவாக உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பு இந்தியாவிலும் வேறு பல வளரும் நாடுகளிலும் பயன்பட்டது. செல்லிடத் தொலைபேசியின் விரைவான பரவலுக்குப் பின் கார்டெக்ட் வழக்கொழிந்தது. எனினும், ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய நிறுவனங்களும் இணைந்து இயங்கிய இக்குழுவின் செயல்முறை, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா உருவாக அடிப்படையாக அமைந்தது.

பின்னணி

சென்னை ஐ.ஐ.டி. 1959 ஆம் ஆண்டு மேற்கு செருமனியின் உதவியுடன் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் இந்தியப் பொறியியல் கல்வி நிறுவனங்களின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்விதழ்க் கட்டுரைகளுடன் நின்றுவிட்டன. தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய தொழில்நுட்பத்தை வெளிநாடுகளிலிருந்து உரிமம் பெற்று இறக்குமதி செய்தன.

1991 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 84.6 கோடி. அப்போது நாட்டில் இருந்த தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 50 இலட்சம் மட்டுமே. அதாவது 100 பேருக்கு ஓர் இணைப்புகூட இல்லை. விண்ணப்பித்தவர்கள் இணைப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர்.

1984 இல் நிறுவப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிரூட்டல் தேவைப்படாத ஊரகத் தொலைபேசி இணைப்பகத்தை உள்நாட்டிலேயே வடிவமைத்தது. நாடெங்கும் எஸ்.டி.டி. கூடங்கள் பெருகின. இணைப்பகம் மின்னணுக் கருவி என்பதால் அதன் விலை ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஆனால் இணைப்பகத்திலிருந்து வீடு வரை நிலத்துக்கடியில் இழுக்கப்படும் செப்புக் கம்பியின் விலையும், பள்ளம் தோண்டும் செலவும், பராமரிப்பும் குறையவில்லை. சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இச்செலவு இன்னும் கூடுதலாக இருந்தது.

இணைப்பின் விலை பற்றிய கணக்கு

டெனெட் குழுவின் ஆய்வுகள் அனைத்துக்கும் தொடக்கமாக அமைந்தது ஓர் எளிய கணக்கு ஆகும். குழுவின் தலைவராக விளங்கிய பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலா இதனைத் தம் கட்டுரைகளிலும் உரைகளிலும் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்.

1990களில் தொலைபேசி இணைப்பு ஒன்றை நிறுவ ஏறத்தாழ 40,000 ரூபாய் முதலீடு தேவைப்பட்டது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு, வரி முதலியவற்றுக்காக ஆண்டுக்கு முதலீட்டில் 35 விழுக்காடு வருவாயாகக் கிடைத்தால்தான் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். அதாவது ஓர் இணைப்பிலிருந்து ஆண்டுக்கு 14,000 ரூபாய், மாதத்துக்கு ஏறத்தாழ 1,170 ரூபாய் கிடைக்க வேண்டும். அன்றைய இந்தியக் குடும்பங்களில் மிகச் சிறிய பகுதியினரே இத்தொகையைச் செலுத்தும் நிலையில் இருந்தனர்.

முதலீடு 10,000 ரூபாயாகக் குறைந்தால், தேவைப்படும் வருவாய் ஆண்டுக்கு 3,500 ரூபாயாக, அதாவது மாதத்துக்கு 300 ரூபாய்க்கும் குறைவாகிவிடும். அந்நிலையில் நாட்டின் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் தொலைபேசி பெற இயலும் என்பது குழுவின் மதிப்பீடு.

மேலை நாடுகளில் இச்சிக்கல் எழவில்லை. அங்கு ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் ஏற்கனவே தொலைபேசி இருந்தது. ஒருவர் செலுத்தக்கூடிய கட்டணமும் அதிகம். ஆகவே அங்குள்ள நிறுவனங்கள் விலையை அப்படியே வைத்துக்கொண்டு வசதிகளைக் கூட்டுவதிலேயே கவனம் செலுத்தின. இந்தியாவுக்கு வேண்டிய விலைக்குறைப்பை வேறு எவரும் செய்து தரமாட்டார்கள் என்பதே டெனெட் ஆசிரியர்களின் நிலைப்பாடாக இருந்தது.

ஆசிரியர்கள்

குழுவின் ஆசிரியர்கள் தத்தம் துறைகளில் வகுப்பெடுத்துக்கொண்டும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டும் இப்பணியில் ஈடுபட்டனர். அவர்களுள் சிலர் வருமாறு:

• அசோக் சுன்சுன்வாலா - மின்பொறியியல் துறை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இளநிலைப் பட்டமும் அமெரிக்காவின் மெயின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். 1981 இல் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். 1998 இல் பொறியியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 2002 இல் பத்மசிறீ விருதும் பெற்றார்.

• பாஸ்கர் இராமமூர்த்தி - மின்பொறியியல் துறை. சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபின் 1986 இல் நாடு திரும்பி ஆசிரியரானார். கம்பியில்லாத் தொடர்பியல் இவரது ஆய்வுத் துறை. 2011 முதல் 2022 வரை சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தார்.

• திமோதி கொன்சால்வெசு - கணிப்பொறி அறிவியல் துறை. கணினி வலையமைப்புகள், வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் ஆகியவற்றில் ஆய்வு செய்தார். 2010 முதல் 2020 வரை இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார்.

• ஏமா மூர்த்தி - கணிப்பொறி அறிவியல் துறை. பேச்சுக் குறிகைகளைப் பகுத்தல், எழுத்தைப் பேச்சாக மாற்றுதல் ஆகியவற்றில் வல்லுநர்.

• தேவேந்திர சலிகால் - மின்பொறியியல் துறை. குறிகை முறைவழியாக்கம் இவரது துறை. பின்னர் குவகாத்தி ஐ.ஐ.டி.யின் இயக்குநரானார்.

• கி. கிரிதர், டேவிட் கோயில்பிள்ளை - மின்பொறியியல் துறை. இருவரும் கம்பியில்லாத் தொடர்பியலிலும் குறிகை முறைவழியாக்கத்திலும் ஆய்வு செய்தவர்கள்.

செயல்முறை

ஆய்வகத்தில் ஒரு மாதிரியை உருவாக்குவதும், அதனை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து மழையிலும் வெயிலிலும் இயங்கச் செய்வதும் வெவ்வேறு பணிகள். இரண்டாவது பணியை ஒரு கல்வித்துறை தனியே செய்ய இயலாது. எனவே முன்னாள் மாணவர்கள் தனி நிறுவனங்களைத் தொடங்கி உருவாக்கப் பணியை மேற்கொள்ள, ஆசிரியர்கள் அவற்றுக்கு வழிகாட்டும் முறையை டெனெட் பின்பற்றியது. இவற்றுள் முதன்மையானது 1994 இல் சென்னையில் தொடங்கப்பட்ட மைதாசு தொடர்பியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகும். வலையமைப்புக் கருவிகளுக்கென பனியன் நெட்வொர்க்சு என்னும் நிறுவனம் உருவானது. இந்திய மொழி மென்பொருள்களுக்கெனச் சென்னை கவிகள் என்னும் நிறுவனம் தோன்றியது.

வெளிநாட்டில் வேலை தேடிச் செல்லும் வழக்கம் வலுவாக இருந்த காலத்தில், தொலைத்தொடர்புக் கருவிகளை வடிவமைக்க விரும்பிய மாணவர்களுக்கு இந்நிறுவனங்கள் உள்நாட்டிலேயே வாய்ப்பளித்தன.

கார்டெக்ட்

கார்டெக்ட் அமைப்பை டெனெட் குழு, மைதாசு நிறுவனம், அமெரிக்காவின் அனலாக் டிவைசசு நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து உருவாக்கின. ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படும் கம்பியில்லாத் தொலைபேசிக்கென வகுக்கப்பட்ட டெக்ட் என்னும் சீர்தரத்தை அடிப்படையாகக் கொண்டு, ஊர் முழுவதற்கும் இணைப்பு வழங்கும் அமைப்பாக இது வடிவமைக்கப்பட்டது.

உறுப்புகள்

• இடைமுக அலகு: ஏறத்தாழ 1,000 இணைப்புகளைக் கையாளும் சிறிய இணைப்பகம். பொதுத் தொலைபேசி வலையமைப்புடனும் இணையத்துடனும் தொடர்புகொள்வது இதுவே.

• சிறு தள நிலையம்: கோபுரத்திலோ கட்டட உச்சியிலோ பொருத்தப்படும் வானொலிக் கருவி. ஒரே நேரத்தில் 12 அழைப்புகளைக் கையாளும். இதற்கு வேண்டிய மின்சாரம் இடைமுக அலகிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகவே செல்லும். ஆதலால் நிலையத்துக்கெனத் தனி மின் இணைப்போ அறையோ தேவையில்லை.

• சுவர்க் கருவி: பயனரின் வீட்டில் பொருத்தப்படுவது. இதனுடன் வழக்கமான தொலைபேசியையும் கணினியையும் இணைக்கலாம்.

• இடைமாற்று நிலையம்: தொலைவிலுள்ள ஊர்களுக்கு அலையை வாங்கி அனுப்புவது.

இயங்கும் முறை

டெக்ட் சீர்தரம் 10 மில்லிநொடி கொண்ட ஒரு சட்டத்தை 24 காலக்கூறுகளாகப் பிரிக்கிறது. 12 கூறுகள் தள நிலையத்திலிருந்து பயனருக்கும், 12 கூறுகள் பயனரிடமிருந்து தள நிலையத்துக்கும் பயன்படுகின்றன. பேச்சு, நொடிக்கு 32 கிலோபிட் என்னும் அளவில் குறியேற்றம் செய்யப்படுகிறது. எந்த அலைவரிசையில் எந்தக் காலக்கூறில் பேசுவது என்பதைப் பயனரின் கருவியே அவ்வப்போது தேர்ந்துகொள்ளும். இதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் அலைவரிசைகளை முன்கூட்டியே திட்டமிட்டுப் பகிர்ந்தளிக்க வேண்டியதில்லை.

தொலைவே இதில் முக்கியமான சிக்கலாக இருந்தது. ஒரு காலக்கூறின் நீளம் ஏறத்தாழ 417 மைக்ரோநொடி. வானொலி அலை 25 கிலோமீட்டர் சென்று திரும்ப ஏறத்தாழ 167 மைக்ரோநொடி ஆகும். ஆகவே தொலைவிலிருந்து வரும் குறிகை காலந்தாழ்ந்து வந்து அடுத்த கூறில் விழுந்துவிடும். வீட்டுக்குள் பயன்படும் கருவியில் இச்சிக்கல் எழாது. கார்டெக்ட் அமைப்பில், கூரைமேல் பொருத்தப்படும் திசை அலைவாங்கியைக் கொண்டு நேர்ப்பார்வைத் தொலைவு 10 கிலோமீட்டர் வரை நீட்டிக்கப்பட்டது. அனுப்பும் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் இடைமாற்று நிலையத்தின் உதவியால் மேலும் 25 கிலோமீட்டர் வரை இணைப்பு வழங்க இயன்றது.

இந்த 25 கிலோமீட்டர் என்னும் அளவு தற்செயலானதன்று. இந்தியாவின் வட்டத் தலைநகரங்கள் பலவற்றுக்கு ஒளியிழை வடம் வந்துவிட்டிருந்தது. அங்கிருந்து ஊர்களுக்குச் செல்லும் வழியே இல்லாதிருந்தது. எடுத்துக்காட்டாக, சங்கரன்கோவிலில் ஒரு கோபுரம் இருப்பதாகக் கொண்டால், 25 கிலோமீட்டர் ஆரத்துக்குள் மேற்கே புளியங்குடியும் கிழக்கே கழுகுமலையும் இடைப்பட்ட சிற்றூர்களும் அடங்கிவிடும். ஒவ்வோர் ஊருக்கும் செப்புக் கம்பி இழுக்காமல் ஒரே கோபுரத்திலிருந்து இணைப்பு வழங்கலாம் என்பதே திட்டம்.

இணைய வசதி

நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்தும் வசதி கார்டெக்டில் இருந்தது. இணையத்தைப் பயன்படுத்தும்போதே தொலைபேசியிலும் பேசலாம். இணையப் போக்குவரத்து இடைமுக அலகிலேயே பிரிக்கப்பட்டதால், மணிக்கணக்கில் நீளும் இணைய இணைப்புகள் தொலைபேசி இணைப்பகத்தை அடைத்துக்கொள்ளவில்லை. சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு இணையத்தை எட்டிய அக்காலத்தில் இவை குறிப்பிடத்தக்க வசதிகள் ஆகும்.

கார்டெக்ட் இந்தியாவில் பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட நிறுவனங்களாலும், மடகாசுகர், கென்யா, பிசி முதலிய நாடுகளிலும் பயன்படுத்தப்பட்டது.

ஊரக இணைய நிலையங்கள்

ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கணினி வாங்க இயலாது என்பதால், எஸ்.டி.டி. கூடங்களைப் போன்றே ஊருக்கு ஓர் இணைய நிலையம் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இதற்கென என்-லாக் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. நிலையத்தை நடத்துபவர் அவ்வூரைச் சேர்ந்த தனிநபர். ஏறத்தாழ 50,000 ரூபாய் முதலீட்டில் கணினி, சுவர்க் கருவி, மின்கல வசதி, தமிழ் மென்பொருள் ஆகியவற்றைப் பெற்று அவர் தொழில் தொடங்கலாம். வட்டார அளவில் ஒரு பங்காளர் கோபுரத்தையும் பராமரிப்பையும் கவனித்துக்கொள்வார்.

2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் சாரி என்னும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி., என்-லாக் ஆகியவற்றுடன் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் இதில் பங்கேற்றன. கணினிப் பயிற்சி, மின்னஞ்சல், வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்தல் ஆகிய சேவைகள் வழங்கப்பட்டன. பயிர்நோய்க்கு வேளாண் வல்லுநர்களிடம் ஆலோசனை பெறவும், கண்ணின் படத்தை அனுப்பி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருத்தை அறியவும் ஊர்மக்களுக்கு வழி ஏற்பட்டது.

பின்னடைவுகள்

மேலூர்த் திட்டத்தின் நிலையங்கள் பல நீடிக்கவில்லை. மைக்கேல் பெசுட்டு, இராசேந்திர குமார் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தாம் ஆராய்ந்த நிலையங்களுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டதைப் பதிவு செய்துள்ளது. வருவாய்ப் போதாமை, தொழில்நுட்ப உதவி உரிய காலத்தில் கிடைக்காமை ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. கணினியில் முன்பயிற்சி பெற்ற உரிமையாளர்களும் தனியே பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருந்த நிலையங்கள் கூடுதல் காலம் இயங்கியதையும் அக்கட்டுரை சுட்டியது.

கார்டெக்டுக்கும் வலுவான போட்டி எழுந்தது. அது ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்படும் தொலைபேசிக்கென வடிவமைக்கப்பட்டது. கூரைமேல் அலைவாங்கியும் கோபுரத்துக்கு நேர்ப்பார்வையும் தேவைப்பட்டன. செல்லிடத் தொலைபேசிக்கோ இவை எதுவும் தேவையில்லை. 2003 இல் செல்லிடத் தொலைபேசிகளுக்கு வரும் அழைப்புகள் கட்டணமற்றவை ஆயின. உலகெங்கும் கோடிக்கணக்கில் உற்பத்தியானதால் ஜி.எஸ்.எம். கருவிகளின் விலை, கார்டெக்ட் எட்டமுடியாத அளவுக்கு வீழ்ந்தது. 2004 இல் இந்தியாவில் செல்லிடத் தொலைபேசிகளின் எண்ணிக்கை நிலைத் தொலைபேசிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. 2015 இல் அது 100 கோடியைக் கடந்தது.

இணைப்பின் விலை குறைந்தால் பயனர்கள் பெருகுவர் என்னும் டெனெட் குழுவின் கணக்கு சரியென இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அந்த விலைக்குறைப்பைக் கொண்டுவந்தது கார்டெக்ட் அன்று. உலகளாவிய உற்பத்தி அளவும் நிறுவனங்களுக்கிடையிலான போட்டியுமே ஆகும். ஒரு நாட்டின் தேவைக்கென உருவாக்கப்படும் தொழில்நுட்பம், உலகச் சீர்தரங்களில் இடம்பெறாவிடில் விலைப்போட்டியில் நிலைப்பது அரிது என்பது இதிலிருந்து பெறப்பட்ட முக்கியமான பாடம்.

பிற்கால ஆய்வுகள்

சீர்தரங்கள்

இப்பாடத்தின் தொடர்ச்சியை ஐந்தாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பியலில் காணலாம். சென்னை ஐ.ஐ.டி.யுடன் தொடர்புடைய கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையமும், இந்தியாவின் தொலைத்தொடர்புச் சீர்தர அமைப்பும் ஊரகத் தேவையைப் பன்னாட்டு அமைப்புகளில் முன்வைத்தன. இந்திய ஊர்கள் பலவற்றில் கோபுரங்களுக்கிடையே தொலைவு அதிகம். பயனர்களோ மெதுவாகவே நகர்பவர்கள். இந்நிலைக்கேற்ற சோதனை முறை ஒன்றை, கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் தொலைவு என்னும் அளவுடன், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் ஐந்தாம் தலைமுறைத் தேவைகளில் சேர்த்துக்கொண்டது. இதனை அடிப்படையாகக் கொண்ட 5ஜிஐ என்னும் இந்தியச் சீர்தரம் 2020 இல் அவ்வொன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றது. பின்னர் அதன் முக்கியக் கூறுகள் உலகப் பொதுச் சீர்தரத்துடன் இணைக்கப்பட்டன. சென்னை, ஐதராபாத் ஐ.ஐ.டி.க்கள் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது.

பேச்சுத் தொழில்நுட்பம்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்வைக் குறைபாடு உடையவர்களும் கணினியைப் பயன்படுத்த, எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள் தேவை. ஏமா மூர்த்தியின் தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் இணைந்து தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இத்தகைய மென்பொருள்களை உருவாக்கின. இந்திய மொழிகளின் எழுத்துமுறை அசையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், ஒலியன்களுக்கு மாறாக அசைகளை அலகாகக் கொள்ளும் அணுகுமுறை இவற்றில் பின்பற்றப்பட்டது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான திரைபடிப்பான்களிலும் இவை இணைக்கப்பட்டன.

ஊரகத் தொழில்கள்

2000களில் அமைக்கப்பட்ட ஊரகத் தொழில்நுட்பத் தொழில் வளர்ப்பகத்தின் ஆதரவில் புதிய நிறுவனங்கள் தோன்றின. சிற்றூர் இளைஞர்களைக் கொண்டு தரவு உள்ளீட்டுப் பணிகளைச் செய்யும் தேசிக்ரூ நிறுவனம் அவற்றுள் ஒன்று. இது திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் தன் மையத்தை நடத்தியது. குறைந்த மின்சாரத்தில், குளிரூட்டலின்றி இயங்கும் பணம் வழங்கும் பொறியை வோர்டெக்சு நிறுவனம் உருவாக்கியது.

ஆற்றல்

2010களில் சுன்சுன்வாலாவின் கவனம் மின்னாற்றல் பக்கம் திரும்பியது. கூரைமேல் சூரியத் தகட்டிலிருந்து கிடைப்பதும், மின்கலத்தில் சேமிக்கப்படுவதும் நேர் மின்னோட்டமே. அதனை மாறு மின்னோட்டமாக மாற்றிப் பின் மீண்டும் நேர் மின்னோட்டமாக்குவதில் ஆற்றல் வீணாகிறது. இதைத் தவிர்க்க வீட்டின் விளக்கு, மின்விசிறி முதலியவற்றை 48 வோல்ட்டு நேர் மின்னோட்டத்திலேயே இயக்கும் அமைப்பு உருவாக்கப்பட்டது. இராசத்தானின் பாலைவனப் பகுதியில் மின்வடம் செல்லாத வீடுகளில் இது நிறுவப்பட்டது.

தாக்கம்

டெனெட் குழு தொடங்கியபோது, பேராசிரியர்கள் தொழில் நிறுவனங்களுடன் இணைந்து சந்தைக்குரிய பொருளை உருவாக்குவது இந்தியக் கல்வி நிறுவனங்களில் அரிதாக இருந்தது. 2010 இல் திறக்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா இவ்வழக்கத்தை நிலையான அமைப்பாக மாற்றியது. நிறுவனங்கள் தம் ஆய்வுப் பிரிவுகளை வளாகத்தை ஒட்டி அமைத்து, ஆசிரியர்களுடனும் மாணவர்களுடனும் இணைந்து பணியாற்ற இது வழிசெய்கிறது. குழுவின் ஆசிரியர்களுள் மூவர் பின்னாளில் ஐ.ஐ.டி. இயக்குநர்களாகப் பொறுப்பேற்றது குறிப்பிடத்தக்கது.

மேலூரில் தொடங்கிய தொலைநிலைக் கண் மருத்துவமும் நின்றுவிடவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, நெடுந்தொலைவு வைஃபை இணைப்பின் வழியாகத் தேனிப் பகுதியில் ஊரகக் கண் மையங்களை மருத்துவமனையுடன் இணைத்தது. இணைக்கும் கருவி மாறியபோதிலும், கிராமத்து நோயாளி பயணம் செய்யாமலே நகரத்து மருத்துவரைக் காணும் முறை தொடர்ந்தது.

இவற்றையும் பார்க்க

• இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை
• சி-டாட்
• செல்லிடத் தொலைபேசி
• தமிழ்க் கணிமை
• தொலைநிலை மருத்துவம்